தமிழுக்கும் அரை மணி நேரம்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களோடு நம் மாணவர்கள் இணையம் வழியே பேசி மொழி பழகுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் நாம் என்ன கற்றுக்கொள்ளப்போகிறோம் என்பதைச் சொன்ன அளவுக்கு, என்ன கற்றுக்கொடுக்கப்போகிறோம் என்பது அதில் இல்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய 'டெலிடேண்டம்' திட்டத்தில் உரையாடல் நேரத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் போர்ச்சுகீசும் மறுபாதியில் எதிரில் இருப்பவரின் மொழியும் பேசுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் ஜெர்மன் படித்தபோது, ஜெர்மனியில் தமிழ் படித்த ஒரு மாணவியோடு ஓராண்டு வாரந்தோறும் பேசினேன். கட்டுரைகளைத் தடங்கலின்றி வாசிப்பார். 'சாப்டாச்சா', 'வந்துட்டேன்' என்றால் விழிப்பார். அந்தப் பேச்சுத் தமிழை என்னால் கொடுக்க முடிந்தது. ஆனால் கடிகாரம் பார்த்து மொழியை மாற்றாத நாட்களில் இருவருமே ஆங்கிலத்துக்குச் சரிந்துவிடுவோம். அப்புறம் தமிழுக்கோ ஜெர்மனுக்கோ திரும்பவே மாட்டோம். ஜெர்மனியின் ஹைடெல்பர்க், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். அத்தகைய மாணவர்களோடு நம் கல்லூரிகள் தொடர்பு ஏற்படுத்தி, வாரம் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, அதில் பாதி தமிழுக்கு என்று எழுதிவைக்கலாம். நம் மாலை 4 மணி ஜெர்மனியில் நண்பகலை ஒட்டியே வரும்.

வாசகர், திருச்சி