நம் ஆலைக்கு அண்டி வந்த நாடு கினி-பிசாவ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தியை உங்கள் நாளிதழில் வெளிநாட்டுப் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் போட்டிருந்தீர்கள். தலைப்பில் 'கினி' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகள் உண்டு. கொனாக்ரியைத் தலைநகராகக் கொண்ட கினி ஒன்று. 2022-ல் நம் இந்திய மாலுமிகள் 16 பேரைப் பிடித்து வைத்திருந்த எக்குவடோரியல் கினி இன்னொன்று. மூன்றாவதுதான் கினி-பிசாவ். ஜனாதிபதி தேர்தல் முடிவை அறிவிப்பதற்கு முந்தைய நாள் ராணுவம் புகுந்தது அங்கேதான். இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சொல்ல மட்டும் நான் பேனா எடுக்கவில்லை. நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்த நாட்டு அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, உடைத்த கூலியில்தான் உலை வைத்தோம். அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நான் 1984-ல் பத்தொன்பது வயதில் அண்டி ஆபீசுக்கு, முந்திரி ஆலை வேலைக்கு, போனேன். 2016 வரை 32 வருஷம். முதல் பதினைந்து வருஷம் ஓடு உடைக்கிற தல்லுப் பகுதி, அப்புறம் விரல் வராமல் போனதால் பருப்பின் தோலை உரிக்கிற பீலிங். உள்ளூர்க் கொல்லாமரத்து (முந்திரி மரத்து) அண்டி எங்கள் ஆலைக்கு ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. மீதியெல்லாம் கப்பலில் தூத்துக்குடி வந்து லாரியில் ஏறி வருவதுதான். முதலில் தான்சானியா சரக்கு, பிறகு பிசாவ், ஐவரி கோஸ்ட். சாக்கைப் பிரித்ததும் மேஸ்திரி ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கிப் பார்த்து "பிசாவ்" என்றால் எங்களுக்குச் சந்தோஷம். அண்டி சிறிதாக இருந்தாலும் உள்ளே பருப்பு நிறைந்திருக்கும். 80 கிலோ மூட்டையில் 50 பவுண்டுக்கு மேல் பருப்பு தேறும். எங்களுக்குக் கூலி பருப்பு எடைக்குத்தானே.

ஒரு தடவை களத்தில் காயப் போட்ட அண்டிக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் ரப்பர் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு, நாலைந்து வயசுப் பிள்ளைக்கு இருக்கும். வாரில் செம்மண் அப்பியிருந்தது, நம் திற்பரப்பு மண் மாதிரி. அதுவரைக்கும் பிசாவ் என்றால் சாக்கில் இருக்கும் எழுத்து மட்டும்தான். அன்றைக்குத்தான் அங்கேயும் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அண்டி பொறுக்குகிறார்கள் என்று புரிந்தது.

என் மூத்த மகன் அண்டி வியாபாரி ஒருவரிடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். 2018, 2019 இரண்டு சீசனும் அவனை அங்கே அனுப்பினார்கள். பாஃபட்டா என்ற ஊரில் தங்கியிருந்தான். கேபா ஆற்றங்கரை ஊர். அவன் போனில் சொன்னதையும், அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாடு மொத்தமே 36,000 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் மட்டும் 18.7 லட்சம் பேர், அப்படி நினைத்துப் பாருங்கள். பலாந்தா, ஃபுலா, மாண்டிங்கா, பாப்பேல், மஞ்சாக்கோ என்று பல இனத்தார். ஆட்சிமொழி போர்ச்சுகீசு என்றாலும் சந்தையில் எல்லாரும் பேசுவது கிரியோல். கடலுக்குள் பிஜாகோஸ் என்று 88 தீவுகள். அதில் பொய்லாவ் என்ற தீவுக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட ஆயிரக்கணக்கில் வருமாம். அந்தத் தீவுக்கூட்டத்தை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கொல்லாமரம் பிரேசிலில் இருந்து வந்தது. நம் கரைக்கும் அவர்கள் கரைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தது போர்ச்சுகீசுக்காரர்கள்தான். இன்றைக்கு அந்த நாட்டு ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அண்டிதான், அதுவும் பெரும்பாலும் உடைக்காத அண்டி. இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. மார்ச் கடைசியில் பழம் விழத் தொடங்கினால் ஜூன், ஜூலை வரை குடும்பம் முழுக்கத் தோப்பில்தான். பெண்கள் பழத்திலிருந்து அண்டியைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைப் பிழிந்து சாறாக்குகிறார்கள். அதைப் புளிக்க வைத்து மதுவாக விற்கிற காசு பெண்களுக்கு. முஸ்லிம்கள் புளிக்காத சாறு குடிப்பார்கள். நாம் கொல்லாம்பழத்தை உப்பு தொட்டுத் தின்று தொண்டை காறுகிறது என்று மீதியைத் தோப்பிலேயே அழுக விடுகிறோம். அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள்.

மகன் சொன்னதில் என் மனசை விட்டுப் போகாதது அரிசி விஷயம்தான். ஒரு பெண் தலையில் பேசினில் அண்டி கொண்டுவருவாள். கடைக்காரர் தராசில் நிறுத்துவிட்டு, பணம் கொடுக்காமல் அரிசி அளந்து போடுவார். நல்ல வருஷத்தில் கிலோவுக்குக் கிலோ. விலை விழுந்த வருஷத்தில் இரண்டு, மூன்று கிலோ அண்டி கொடுத்தால்தான் ஒரு கிலோ அரிசி. அந்த அரிசி கப்பலில் ஆசியாவிலிருந்து வருவது. இத்தனைக்கும் பலாந்தா இனத்தார் நெல்லுக்குப் பேர்போனவர்கள். அலையாத்திக் காட்டை வெட்டி, கடல்நீர் ஏறாமல் வரப்புக் கட்டி, நீண்ட மரமண்வெட்டியால் சேற்றைப் புரட்டி நெல் விளைவித்தவர்கள். அந்த வயலுக்கு பொலாஞா என்று பெயர். அண்டிக்குக் காசு என்றானதும் வரப்பைப் பார்க்க ஆள் இல்லாமல் பல பொலாஞாக்களில் உப்பு ஏறிவிட்டது. நாஞ்சில் நாட்டில் வயலை நிரப்பி வீட்டுமனை போட்டதைப் பார்த்த நமக்கு இது விளங்கும். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே போனபோது பால்வெட்டுக்காரர் வீட்டில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். அங்கே ஒரு நாடு முழுக்க அந்த நிலைமை. 2018-ல் அந்த நாட்டு அரசு அண்டி கிலோவுக்கு அவர்கள் பணத்தில் 1,000 பிராங்க் என்று விலை சொன்னது. வாங்குகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள, சரக்கு வாரக்கணக்கில் தேங்கியது. 2020-ல் கொரோனா வந்தது. வாங்கப் போகிற நம் ஆட்களால் அங்கே போக முடியவில்லை, இங்கே ஆலையும் பூட்டிக் கிடந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் அடுப்பு அணைந்தது.

பாஃபட்டாவில்தான் அமில்கார் கப்ரால் 1924-ல் பிறந்தார். லிஸ்பனில் விவசாயம் படித்தவர். 1953-ல் அரசு வேலையாக நாடு முழுக்கச் சுற்றிப் பயிர்க்கணக்கு எடுத்தார். எந்த ஊரில் யார் எதை விதைக்கிறார்கள், எவ்வளவு வரி கட்டுகிறார்கள் என்று நேரில் பார்த்தவர் 1956-ல் போர்ச்சுகீசு ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டுக் கட்சி தொடங்கினார். 1959 ஆகஸ்ட் 3 அன்று தலைநகர் பிசாவ் துறைமுகத்தில், பிஜிகுயிட்டியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டது. பல பேர் செத்தார்கள். நாங்களும் ஒரு தடவை கூலி உயர்வு கேட்டு 11 நாள் ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கேட்டது கூலிதான். அதற்குத் துப்பாக்கியா என்று படித்தபோது உடம்பு நடுங்கியது. அதற்குப் பிறகுதான், 1963-ல், ஆயுதப் போர்.

கப்ராலை 1973 ஜனவரி 20 அன்று கொனாக்ரியில் சுட்டுக் கொன்றார்கள். அவர் இறுதிச்சடங்குக்குப் போகும் வழியில், ஜனவரி 30 அன்று, ஃபாரிம் ஆற்றைக் கடக்கும்போது டிடினா சிலா என்ற பெண் போராளி கொல்லப்பட்டார். முப்பது வயசுகூட ஆகவில்லை. அந்த நாள்தான் அங்கே பெண்கள் தினம். அதே வருஷம் செப்டம்பர் 24-ல் விடுதலையை அவர்களே அறிவித்தார்கள். போர்ச்சுகல் ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம் 1980-ல் ராணுவம், 1998-ல் உள்நாட்டுப் போர், 2009-ல் ஜனாதிபதி கொலை, 2012-ல் மறுபடி ராணுவம், இப்போது 2025.

செய்தி எழுதுகிறவர்கள் இந்த நாட்டைச் சொல்லும்போது போதைப்பொருள் கடத்தல் பாதை என்ற ஒன்றைத்தான் முதலில் சொல்கிறார்கள். கடத்தல் உண்மைதான். ஆனால் அதில் அண்டி பொறுக்குகிற பெண்ணுக்கு என்ன பங்கு? அவள் பேசினில் கொண்டுவருகிற அண்டிக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஒரு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில் தினமும் கோட்டயம் ரப்பர் விலை போடுகிறீர்கள், தேங்காய் எண்ணெய் விலை போடுகிறீர்கள். அண்டி சீசன் தொடங்கும்போது பிசாவ் அரசு விவசாயிக்கு அறிவிக்கிற கிலோ விலையை அதன் கீழே ஒரு வரி சேருங்கள், நம் ரூபாயில். பீலிங் பகுதியில் மத்தியானச் சோற்று நேரத்தில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிற பிள்ளை ஒருத்தி எல்லா ஆலையிலும் உண்டு.

இப்படிக்கு,
முந்திரி ஆலை முன்னாள் தொழிலாளி,
குலசேகரம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.