வேண்டாம் என்று வந்த இரண்டு பதில்கள்

அன்புள்ள ராசா,

நேற்று போனில் நீ அரைகுறையாகச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதே வாரத்தில் நீ எழுதி அனுப்பிய கதையும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "நான் யாருக்குமே வேண்டாம் போலம்மா" என்றாய். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மூட்டையைப் பிரி. அந்தப் பெண் சொன்னது அவள் வாழ்க்கையைப் பற்றி அவள் எடுத்த முடிவு. காரணம் கேட்டு மறுபடியும் மெசேஜ் அனுப்பாதே. அவள் தோழியைத் தூது விடாதே. பின்னாலேயே சுற்றினால் கடைசியில் பெண் சிரித்துவிடுவாள் என்று நம் சினிமாக்காரர்கள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். பையன் பின்னால் வருகிறான் என்பதற்காகவே படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

நீ உருகி உருகிப் படிப்பாயே, அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ். தான் காதலித்த மாட் கான் என்ற பெண்ணிடம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று 1891-ல் முதலில் கேட்டார். அவர் மறுத்தார். பிறகும் விடவில்லை. 1903-ல் அந்த அம்மாள் வேறொருவரை மணந்துகொண்டார். அந்தக் கணவர் 1916-ல் சுட்டுக் கொல்லப்பட்டதும் யேட்ஸ் மறுபடி போய்க் கேட்டார்! அதனால்தான் நல்ல கவிதைகள் கிடைத்தன என்பார்கள். இருக்கட்டும். கால் நூற்றாண்டாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அந்த அம்மாளுக்கு எவ்வளவு அலுத்திருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அழுகை வந்தால் அழு. ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விடாதே. இன்னொன்று, இந்தக் கோபத்தில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக வைத்து ஒரு கதை எழுதத் தோன்றும். எழுதினாலும் யாருக்கும் அனுப்பாதே.

கதை விஷயம் வேறு. அவளிடம் மறுபடி கேட்கக் கூடாது; கதையை மறுபடி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அப்படியே அனுப்பாதே. நீ அனுப்பிய பிரதியை இரண்டு தடவை படித்தேன். முதல் இரண்டு பக்கமும் மழைதான் பெய்கிறது. மூன்றாம் பக்கத்தில் அந்த டெய்லர் காஜா எடுக்க உட்கார்ந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. கடனைப் பற்றி அவரும் மனைவியும் பேசாமல் பேசிக்கொள்ளும் இடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. உன் அப்பா அதைப் படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மழையை வெட்டு.

நம் கடையத்து மாப்பிள்ளை பாரதியை நினைத்துக்கொள். உன்னை அவரோடு ஒப்பிடவில்லை, பயப்படாதே. 1920-ல் தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் போட நினைத்து, கடனாகப் பணம் தாருங்கள், வட்டியோடு தருகிறேன் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரன் பத்திரிகையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார், எழுதினார். அடுத்த செப்டம்பரில் இறந்துபோனார். பிற்பாடு 1949-ல் அவர் எழுத்துகளை அரசாங்கமே வாங்கி நாட்டுடைமை ஆக்கியது என்பதைச் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடன் கேட்டுக் கிடைக்காத மனுஷன் அடுத்து என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பெரியத்தைக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. "சங்கரன்கோவிலில் ஒரு இடம் இருக்கு, ஜாதகம் கேக்கட்டுமா?" என்று தினமும் வந்து நிற்கிறாள். நான் பிடிகொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஆனால் பத்து மணிக்கு மேல். அதற்கு முன்னால் அவள் இங்கேதான் காபி குடித்துக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
அம்மா