அக்காவின் பல்லைப் பிடுங்கவிடாதே

தல்லாகுளம், மதுரை

அன்புள்ள செல்வத்துக்கு,

சோழவந்தான் அக்காவுக்கு மூட்டுவாதத்துக்கான ரத்தச் சோதனையில் ஆன்டி சிசிபி பாசிட்டிவ் என்று எழுதியிருந்தாய். சரவாங்கிக்கு, அதாவது அந்த மூட்டுவாதத்துக்கு, பல்தான் காரணம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று யாரோ சொன்னார்களாமே? விடாதே. நூறு வருடத்துக்கு முன்னால் சீமை டாக்டர்களும் அப்படித்தான் மூட்டுவலிக்காரர்களின் வாயைக் காலி செய்தார்கள். போனது பல்தான்.

அதற்காக ஈறுக்கும் மூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று தள்ளவும் முடியாது. ஈறு நோயில் குடியிருக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கிருமியிடம் ஒரு நொதி உண்டு. புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அது சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். சிலர் உடம்பு இப்படி மாறிய புரதத்தை எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. ஆன்டி சிசிபி சோதனையில் பார்ப்பது அதைத்தான். 2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இன்னொரு ஈறுக் கிருமியைக் காட்டினார்கள். அது வெள்ளணுவில் நஞ்சால் ஓட்டை போடும். கால்சியம் உள்ளே பாய்ந்து, அணுவின் சொந்த நொதியே கட்டுக்கடங்காமல் அதே வேலையைச் செய்யும். மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்படுவதால்தான் வாய்மேல் சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பல்ல. பரம்பரைக்கும் புகைபிடிப்பதற்கும் இதில் பங்குண்டு.

அக்காவை இங்கே கூட்டி வா, ஈறை அளந்து பார்க்கவேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரை சரி. 4-க்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால், பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை வேர்வரை சுரண்டவேண்டும். சுரண்டியதும் பல் ஆடுகிறது, சந்து விழுந்துவிட்டது என்பார்கள். அந்தச் சந்தை அதுவரை அடைத்திருந்தது காரை. வீக்கம் வடிந்த ஈறும் கொஞ்சம் இறங்கும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளந்தால்தான் பலன் தெரியும்.

காலையில் விரல் மடங்காது, பிரஷ் நழுவும். அதனால் முக்கியமான துலக்கலை ராத்திரிக்கு மாற்றச் சொல். பிரஷ் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிக்கொடு, பிடி தடிமனாகும். சாக்பீஸ் பிடிப்பதுபோல் லேசாகப் பிடித்தால் போதும். பல்லிடுக்குக்கு சின்ன பிரஷ் தனியாக வேண்டும். சிவப்புப் பல்பொடி வேண்டவே வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும். சோழவந்தானில் இருந்துகொண்டு வெற்றிலையை விடச் சொன்னால் அக்கா என்னைத்தான் திட்டுவார். பாக்கையும் புகையிலையையுமாவது விடட்டும்.

ஈறு சரியானால் மூட்டும் சரியாகும் என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வரும்போது மருந்துச் சீட்டும் வேண்டும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருந்தால் வாரம் ஒரு நாள்தான். தினமும் விழுங்கி வாயெல்லாம் புண்ணாகிவிட்டால் என்னிடம் வராதே, நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

அன்புடன்,
பாண்டி