பழைய கண்ணாடி விளக்குகளைக் கெடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய கண்ணாடி எண்ணெய் விளக்குகள் அனைத்தும் வாயால் ஊதிச் செய்யப்பட்டவை என்று பலரும் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. 1820களில் அமெரிக்காவில் அழுத்து வார்ப்பு முறை வளர்ந்தபின், உருகிய கண்ணாடியை அச்சில் இட்டு நெம்புகோலால் அழுத்தி அடிப்பீடத்தை உருவாக்கினார்கள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தனியே ஊதி, சூடான கண்ணாடித் துளி ஒன்றை இடையில் வைத்து இரண்டையும் இணைத்தார்கள். அத்தகைய விளக்குகளில் அந்த ஒட்டு ஒரு சிறு வட்டத் தகடுபோல இன்றும் தெரியும். அச்சின் பகுதிகள் சேர்ந்த இடத்தில் விரல்நுனிக்குத் தட்டுப்படும் மெல்லிய கோடு ஓடும்.

பின்னாளில் வந்த மண்ணெண்ணெய் விளக்குகள் பலவற்றில், பர்னரைத் திருகும் பித்தளை வளையம் பாரிஸ் சாந்தால் கழுத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தால் அந்தச் சாந்து இளகிவிடும். என் விளக்கொன்றை அப்படித்தான் இழந்தேன்.

இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. மாங்கனீசு கலந்த பழங்கண்ணாடி பல்லாண்டு வெயில் பட்டு இளம் ஊதாவாவது இயல்பு. ஆனால் கதிர்வீச்சால் சில நாட்களில் அடர் ஊதாவாக்கி, பழமையின் சான்றென்று விற்கிறார்கள். அந்த நிறத்தை மீண்டும் போக்குவது எளிதன்று. எனவே விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்