கைமாற்றுக் கடனும் அஞ்சலகக் கவுண்டரும்

ஐயா,

பணிநேரத்துக்குப் பிறகு ஓர் அரசு ஊழியர் எப்படி வாழ்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்று இளைய பணியாளர்கள் சிலர் சொல்லக் கேட்கிறேன். அந்தரங்க உரிமையும் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017-இல் தீர்ப்பளித்திருப்பதால், இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், மக்களின் பணத்தைக் கையாளும் இடத்தில் அந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது என்பதைத் துணை அஞ்சலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சிற்றூர்களில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் முதியவர்கள் பலர், பணத்தையும் பாஸ் புத்தகத்தையும் நீட்டிவிட்டு, பதிந்த தொகையைப் படித்துக்கூடப் பாராமல் வாங்கிச் செல்வார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரின் கணக்குத் திறமையை அவர்கள் அறியமாட்டார்கள். மளிகைக் கடையில் அவர் பாக்கி வைக்கிறாரா, சொன்ன நாளில் தருகிறாரா என்பதை நன்றாக அறிவார்கள்.

என்னுடன் பணியாற்றிய ஒருவர் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிசகாதவர். மகளின் திருமணத்துக்குப் பிறகு கடன் மிகுந்து, ஊரில் பலரிடமும், நம் அஞ்சலகத்தில் வைப்புத்தொகை போட்டிருந்த ஒரு பெரியவரிடமும் கைமாற்று வாங்கினார். சில மாதங்களில் அந்தப் பெரியவர் பாஸ் புத்தகத்தை என்னிடம் தனியே கொண்டுவந்து, எழுதியிருப்பது சரிதானா என்று தயக்கத்துடன் கேட்டார். சரியாகவே இருந்தது. பின்னர் வேறு சிலரும் அவ்வாறே வரத் தொடங்கினார்கள். அதைக் கண்டும் காணாததுபோல் தலைகுனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்த அந்த நண்பரின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், தீராத கடனாளியாகும் நிலை வராதபடி சொந்த விவகாரங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று 17-ஆவது விதி கூறுகிறது. அலுவல் தொடர்புக்கு வரக்கூடியவர்களிடம் கடன் வாங்குவதை 16-ஆவது விதி தடுக்கிறது. பொது இடத்தில் மது அருந்துவதற்கும் தடை உண்டு. தண்டனை வரும்போதுதான் நம்மில் பலர் இவற்றைப் படிக்கிறோம்.

அதே வேளையில், ஒழுக்கத்தின் பெயரால் பெண் ஊழியர்களின் உடையையும், மணமுறிவையும், யாருடன் பேசுகிறார்கள் என்பதையும் அலசும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அவற்றுக்கும் வாடிக்கையாளரின் பணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

புதிதாகச் சேர்வோருக்கான பயிற்சியில் இவ்விதிகளின் காரணங்களைச் சொல்லிக்கொடுப்பதோடு, சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துவது பற்றியும் ஒரு வகுப்பு வைக்க வேண்டும். ஊழியர் ஒருவர் கடனில் மூழ்குவது தெரியவந்தால், குற்றப்பத்திரிகை வரும்வரை காத்திராமல் மேலதிகாரி அவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். என் நண்பரிடம் அன்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை அஞ்சலக அதிகாரி