தரை துடைக்கும் அக்காவுக்கு ஒரு நன்றி மடல்

நேற்று ராத்திரி நான் வாய்விட்டுச் சிரித்தேனாம். மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். கிட்னி கெட்டு, பிப்ரவரியிலிருந்து பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

கேட்காமலே பணம் போட்டுவிட்ட சித்தப்பா, வாரம் மூன்று நாள் வாசலில் வந்து நின்ற ஆட்டோ தம்பி, என் வேலையையும் சேர்த்து இழுத்த ஆபீஸ் நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி. இளநீர் சீவிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும்தான். (கிட்னிக்காரனுக்கு ஆகாது. மகன் குடித்தான்.)

ஆனால் இந்த மடல் டயாலிசிஸ் வார்டில் தரை துடைக்கும் அக்காவுக்கு. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பிரஷர், கிரியாட்டினின் (ரத்தத்தில் தேங்கும் கழிவு) எல்லாம் பார்த்தார்கள். சாப்பாடு இறங்காமல் சதை கரைந்தது யார் கண்ணிலும் படவில்லை. சதை போன இடத்தில் நீர் ஏறியதால் எடை மிஷினே ஏமாந்தது. அக்கா ஏமாறவில்லை. மாப் போடுவதற்காக ஸ்டூலை நகர்த்தியவர் என் டிபன் டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"போன வாரமும் இதே கனந்தான். கேட் கிட்ட நிக்கிற நாயி கொழுத்துப் போச்சு, நீ எளைச்சுட்டியே தம்பி."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் வாய் திறக்கும்வரை நின்றார். அன்றைக்குத்தான் அழுதேன். அவர் நர்ஸிடம் சொல்ல, நர்ஸ் டாக்டரிடம் சொல்ல, மனநல ஓபிக்குப் போனேன்.

'அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர்' என்றார்கள். பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நாலு பேராக அட்ஜஸ்ட் பண்ணியே வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு வியாதி! உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால், மூன்று மாதத்துக்குள் மனசும் இப்படித் தடுமாறலாமாம். தூக்கம், பசி, ஆசை எல்லாம் போகும். கோழைத்தனம் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் முற்றிப் பெரிய மனச்சோர்வாகலாம். இதற்குப் பேச்சுதான் முதல் வைத்தியம். எனக்கு மாத்திரையே எழுதவில்லை, வாராவாரம் வந்து பேசச் சொன்னார்கள். பேச ஆளில்லாதவர்கள் அரசு மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இனி பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக யார் வந்தாலும், சாப்பிட்டாரா என்று நான் கேட்பேன்.

அக்கா, நீங்கள் போனில் இதையெல்லாம் பார்க்க மாட்டீர்கள். திங்கட்கிழமை நானே படித்துக் காட்டுகிறேன். டப்பாவில் நாலு இட்லி எனக்கு. நாய்க்குத் தனியாகப் பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.