ரைபிளின் போர் (குழல் துளையின் அளவு) மாற்றித் தரக் கேட்பவர்களுக்கு எங்கள் பதில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கினால் பட்டறையில் கூட்டம் கூடிவிடும். ஏற்காட்டு எஸ்டேட்களில் இருந்தும் சேலத்துச் சுற்றுவட்டாரத்தில் இருந்தும் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடக் கொண்டு வருவீர்கள். இந்த முறை வந்தவர்களில் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "தாத்தா வைத்திருந்த 275 ரைபிள், தோட்டாவே கிடைப்பதில்லை, 30-06 ஆக மாற்றித் தர முடியுமா?" அதில் ஒருவர், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 375 ஆகவே செய்துவிடலாமே என்றார். இந்த எண்கள் எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள். முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பியது எனக்கே ஒப்பவில்லை. எல்லாரும் அப்பா காலத்தில் இருந்து வருகிறவர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில், கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டு அரசுத் தொழிற்சாலைகளில் 315 தோட்டாவும் 30-06 தோட்டாவும் தயாராகின்றன. 275 வெளிநாட்டுச் சரக்கு. அலமாரியில் நல்ல ரைபிள் இருந்தும் சுட முடியாமல் வைத்திருப்பது வருத்தமான விஷயம்தான்.

275இன் முழுப் பெயர் 275 ரிக்பி, ஆங்கிலேயர் வைத்தது. தோட்டா ஜெர்மனியின் 7×57 மவுசர். அதன் அடிப்பக்க விட்டம் 12 மில்லிமீட்டர், 30-06க்கும் அதே 12. தோட்டாவைப் பின்னால் இருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முகத்தில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். ஆசை பிறப்பது இங்கேதான். தோட்டா உட்காரும் அறையான சேம்பரை மட்டும் கொஞ்சம் ஆழமாகக் கடைந்தால் போதும் என்று சொல்பவர்கள் வெளியில் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். 275 குண்டின் விட்டம் 7.2 மில்லிமீட்டர், 30-06 குண்டுக்கு 7.8. வித்தியாசம் நகத்தின் கனம்தான். ஆனால் அந்தப் பெரிய குண்டு சின்னக் குழலுக்குள் திணிந்து போக வேண்டும். ஒழுங்கான குழலிலேயே 30-06 தோட்டா 4,000 பார் அளவுக்கு அழுத்தம் தரும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். வழி அடைபட்டால் அது எங்கே போகும்? உங்கள் கன்னம் ரைபிளின் மரக்கட்டையை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆக, குழலையே, அதாவது பேரலையே மாற்ற வேண்டும். மாற்றினாலும் வேலை முடியாது. முழுத் தோட்டாவின் நீளம் 275க்கு 78 மில்லிமீட்டர், 30-06க்கு 85. தோட்டாக்கள் அடுக்கும் பழைய மேகசின் அந்த 78க்கு என்றே அளந்து செய்தது. இடம் பண்ண, தோட்டா ஏறிவரும் சரிவை முன்னால் வெட்ட வேண்டும். போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் கீழ்ப்பக்க முனை, லக் என்போம், சாய்ந்து நிற்கும் இரும்பு அங்கேதான் இருக்கிறது. அழுத்தம் கூடுகிற நேரத்தில் அதைத் தாங்கும் சுவரை நாமே மெலிய வைக்கிறோம். 375க்கு இதெல்லாம் இன்னும் மோசம். நீளம் 91, அடிப்பக்கம் 13.5. அந்த மாதிரித் தோட்டாக்களுக்கு என்று மவுசர் கம்பெனியே தனியாக நீளமான ஆக்‌ஷன் (போல்ட்டும் அது ஓடும் உடலும்) செய்தது. சாதாரண ஆக்‌ஷன் போதும் என்றால் அவர்கள் ஏன் மெனக்கெட்டிருக்கப் போகிறார்கள்?

அப்புறம் இரும்பின் குணம். கஞ்சமலை இரும்பைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது, உங்களுக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. இந்த 275களில் இருக்கும் அந்தக் காலத்து மவுசர் ரிசீவர்கள் (போல்ட் ஓடும் உடல்) பலவும் மெல்லிய மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட மிருதுவான எஃகு. அவற்றுக்கு உரிய தோட்டா போட்டால் நூறு வருடம் உழைக்கும். அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் லக் உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையில் இடைவெளி கூடும். ஒருநாள் தோட்டாவின் பித்தளைக் கூடு குறுக்கே பிளந்து, நெருப்பும் வாயுவும் பின்பக்கமாக வரும். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் மாற்றிய ரைபிள் ஒன்று சில வருடங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. கூட்டின் பாதி சேம்பருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. சுட்டவர் கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அந்தப் பிளந்த கூட்டை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

315 வைத்திருப்பவர்களும் பெரிய தோட்டாவுக்கு மாற்றக் கேட்கிறார்கள். இஷாபூர் அரசுத் தொழிற்சாலையின் 315, ஆங்கிலேயர் படையின் லீ-என்ஃபீல்டு ரைபிள் வழியில் வந்தது. போல்ட் பூட்டிக்கொள்வது பின்பக்கத்தில். அதன் தோட்டாவுக்கு அது தாராளமாகப் போதும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியை உருமாற்றும் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். உங்கள் லைசென்ஸில் எழுதியிருப்பது 275, கையில் இருப்பது 30-06 என்றால், சிக்கல் உங்களுக்கும்தான். ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று 2019இல் திருத்தம் வந்த பிறகு, ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமே என்ற யோசனை பலருக்கு வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் எதற்கு? வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை எப்போதோ முடிந்த கதை. காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்கினால் கூப்பிட வேண்டியது வனத்துறையை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆட்கொல்லியான சம்பாவத் பெண்புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்தது ஒரு 275 ரிக்பி. அதே வகை ரைபிளைத்தான் உங்கள் தாத்தா ஏற்காட்டு மூடுபனியில் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அதன் பேரலைக் கழற்றி எறிய எனக்குக் கை வரவில்லை.

30-06 தேவை என்றால், முறைப்படி விண்ணப்பித்து அந்த போரிலேயே செய்த ரைபிளை வாங்குங்கள். விண்ணப்ப வேலையில் கூட இருந்து உதவுகிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது. பழையதைத் தாராளமாக எங்களிடம் கொண்டு வாருங்கள். சேம்பர் இடைவெளியை கேஜ் வைத்து அளந்து, ஃபயரிங் பின், ஸ்பிரிங் பார்த்து, கட்டையில் வெடிப்பு இருந்தால் சரிசெய்து தருகிறோம். மலையில் இருப்பவர்கள் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஒரே மழைக்காலத்தில் பேரலில் துரு புள்ளி புள்ளியாக இறங்கிவிடும். எண்ணெய் போட்டுத் துணி உறையில், காற்றோட்டமான அலமாரியில் நிறுத்தி வையுங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கிய துப்பாக்கிகளை உள்ளே வைக்கும் முன் ஒருமுறை கட்டாயம் காட்டிவிடுங்கள்.

வரும்போது அசல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். போல்ட்டைக் கழற்றித் தனியாகக் கொண்டு வாருங்கள். தோட்டா வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
சேலம்